ஓய்வு என்பது வீட்டுச்சிறை அன்று

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். இவ்வாண்டு அதைக் கேட்டவர், மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று மூன்று மாதங்கள் கடந்த ஒருவரின் மனைவி. "பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்க டாக்டர். ஒரு நாள் திருச்செந்தூர், மணப்பாடுன்னு போயிட்டு வரலாம்னு இருக்கோம். இவுகள வீட்டுல விட்டுட்டுத்தான் போவணுமா?" என்றார். அருகில் அமர்ந்திருந்த கணவர் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் வெயிலில் நின்று உழைத்தவர் அவர். மூன்று மாதங்களாக முன்னறைக் கட்டிலைவிட்டு அதிகம் நகரவில்லை என்பதை மெலிந்துபோன அவருடைய கால் தசைகளே சொல்லின.

அவரை ஏன் அப்படி அடைத்துவைத்தீர்கள் என்று குடும்பத்தாரைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை. மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய நாளில், "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்தாம். எத்தனை நாள் ஓய்வு, எதிலிருந்து ஓய்வு, எப்போது நடக்கத் தொடங்கலாம் என்று விளக்கவில்லை. மருத்துவர் பாதியில் விட்ட வாக்கியத்தைக் குடும்பத்தின் அச்சம் முடித்துவைக்கும். அப்படித்தான் ஓய்வு வீட்டுச்சிறையாக மாறுகிறது.

அவருடைய எக்கோ, டிரெட்மில் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தபின் நாங்கள் சொன்ன விடை: அழைத்துச் செல்லுங்கள். இக்கட்டுரையின் கருத்தும் அதுவே. நிலையான உடல்நிலையில் உள்ள பெரும்பாலான நோயாளிகளைக் குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம்; அழைத்துச் செல்லவும் வேண்டும். அதற்குச் சில விதிகள் உண்டு. அவ்விதிகளைச் சொல்லித் தருவது எங்கள் கடமை.

படுக்கை பறிப்பவை

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே ஓய்வைத்தான் பெருமருந்தாக நம்பியது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். 1952இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்னும் மருத்துவர்கள், அத்தகைய நோயாளிகளை நாற்காலியில் அமரவைக்கலாம் என்று எழுதியதே அன்று பெருந்துணிச்சலாக இருந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் ஜெரமி மாரிஸ் குழுவினர், நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டினர். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நோயேதும் இல்லாத 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய உடலுழைப்புத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் ஆராய்ந்தபோது, முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரிந்தது.

இருபது வயதில் அப்படியென்றால், அறுபது வயதில் மூன்று மாதக் கட்டில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நாங்களும் மருந்துச்சீட்டின் அடியில் "தினமும் 30 நிமிடம் நடக்கவும்" என்று எழுதுகிறோம். அந்த வரியைப் படித்து நடந்தவர்களைவிட, பேரன் கையைப் பிடித்து இழுத்ததால் நடந்தவர்களையே நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம். கடற்கரைப் பயணத்தை நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். அன்று நடக்கிற நடை ஒரு நாளோடு முடிந்துவிடும். ஆனால் "என்னால் இன்னும் நடக்க முடிகிறது" என்ற அறிவு வீட்டுக்குத் திரும்பி வரும். மறுநாள் தெருமுனை வரை அவரை நடத்துவது அதுதான்.

நம் கரையில் ஒரு நாள்

இதற்காக நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. முதன்முறை வெளியே வருபவருக்குத் தூத்துக்குடி ரோச் பூங்காவோ முத்துநகர் கடற்கரையோ போதும். களைத்தால் சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். அதில் துணிவு பெற்றவர்கள் பழையகாயல், முக்காணி, ஆத்தூர், காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் செல்லலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் வரும். மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் கடலோர மேட்டின்மேல் நிற்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், கீழிருந்தே கடலைப் பார்ப்பதில் குறைவொன்றும் இல்லை.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் சாலையிலிருந்து சற்று விலகிக் கொற்கைக்கும் போய்வரவேண்டும் என்பது எங்கள் விருப்பம். பாண்டியரின் துறைமுகமாக, யவன வணிகர் அறிந்த முத்து நகரமாக விளங்கிய ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கிடையே அமைதியாக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. துறைமுகம் காயலுக்கு இடம்பெயர்ந்தது. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே அகழ்ந்து பார்த்தார். தமிழகத் தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு செய்தது. குளக்கரையிலும், முதிய வன்னி மரத்தடியிலும் நடப்பது மணலில் நடப்பதைவிட மூட்டுகளுக்கு எளிது. தாத்தா கதை சொல்லிக்கொண்டே நடந்தால் அதுவே போதுமான பயிற்சி. பேசிக்கொண்டு நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

காலைப் பாருங்கள்

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஒருவர் குடும்பத்தோடு கோயிலுக்குச் சென்று, நண்பகலில் வெறுங்காலோடு மணலில் கடல்வரை நடந்தார். உடன் சென்றவர்கள் சூடு தாங்காமல் துள்ளி ஓடினார்கள். அவர் மட்டும் நிதானமாக நடந்தார். "அப்பாவுக்கு உரம் ஏறிய கால்" என்று பிள்ளைகள் பெருமையோடு சிரித்தார்களாம். அன்றிரவு மகள்தான் உள்ளங்காலில் கொப்புளங்களைக் கண்டாள். வலி இல்லாததால் யாரும் அவசரப்படவில்லை. ஆறு நாள் கழித்து எங்களிடம் வந்தபோது இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அவருடைய நோயேட்டைப் புரட்டினோம். ஒவ்வொரு வருகையிலும் சர்க்கரை அளவு குறிக்கப்பட்டிருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. நரம்புகள் உணர்விழந்த கால் அது. சூட்டைத் தாங்கும் வலிமை என்று குடும்பம் எண்ணியது, நாங்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவேண்டிய நோய்.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் மட்டுமே மணலில் இறங்குங்கள். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். கோயிலுக்குள் காலணி கூடாது; அங்கே தடித்த பருத்திக் காலுறை அணியலாம், வெயிலேறும் முன்பே தரிசனத்தை முடிக்கலாம். வீடு திரும்பியதும் குடும்பத்தில் ஒருவர் விளக்கொளியில் அவருடைய இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். கிளிஞ்சல் கீறியிருந்தாலும் கொப்புளம் இருந்தாலும் மறுநாளே வாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் காலில் வலி வாராது.

இதய நோயாளிகள் இன்னொன்றை அறியவேண்டும். உலர்ந்த, கால் புதையும் மணலில் நடக்கக் கெட்டித்தரையில் நடப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் செலவாகும். அலை நனைத்து இறுகிய மணலில் நடங்கள். பத்து நிமிடம் நடந்தால் அமருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடக்கையிலோ தாடையிலோ வலியோ, வழக்கமில்லாத வியர்வையோ தோன்றினால் அங்கேயே அமர்ந்துவிடுங்கள். நாக்கின் அடியில் வைக்க மாத்திரை தரப்பட்டிருந்தால் அதை வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல்தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் கிடைக்கச் செய்யப்பட்டுள்ளன. புறப்படும் முன்பே வழியில் உள்ள நிலையம் எது என்று கேட்டறிந்து வைப்பது, காருக்கு எரிபொருள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்ற முன்னேற்பாடு.

நீரில் இறங்கும் முன்

நடப்பதற்கு எளிதில் இசைவு தருகிற நாங்கள், நீந்துவதற்கு அவ்வளவு எளிதில் தருவதில்லை. காரணம் இதுதான்: கழுத்தளவு நீரில் நின்றாலே, நீரின் அழுத்தம் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தத்தை மார்புக்கு ஏற்றுகிறது. நலமான இதயம் அதைப் பொருட்படுத்தாது. தளர்ந்த இதயம் திணறும். ஆகவே இதயச் செயலிழப்பால் மூச்சு வாங்குபவர்கள், மாரடைப்புக்குப்பின் இன்னும் பரிசோதனை முடியாதவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் முழங்காலளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறாத புண் உள்ளவர்களும், டயாலிசிஸ் குழாய் பொருத்தியவர்களும் நீரில் இறங்கவே வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் கடலில் நீந்தலாகாது. நீருக்குள் வலிப்பு வந்தால், அருகிலிருப்பவர்கள் அவர் விளையாடுகிறார் என்றே நினைத்துவிடுவார்கள். மது அருந்தியவர், நோயாளியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடலுக்குப் பகை.

உடல்நிலை இடங்கொடுத்தாலும் கடல் இடங்கொடுக்கவேண்டும். 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். அன்று வானத்தில் புயல் இல்லை. எங்கோ தொலைவில் எழுந்து, காற்றின் அறிகுறியே இல்லாமல் கரைக்கு வந்து சேரும் பேரலைகளைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். அத்தகைய அலைகள் குறித்து ஐதராபாதில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. அது செய்திகளில் வரும்போது கேளிக்கைக்குத் தடை என்று எண்ணாதீர்கள். நம் துறையில் நுழையவிருந்த ஐந்து பேரை நாம் இழந்திருக்கிறோம். கரையிலுள்ள மீனவரிடம் "இன்று இறங்கலாமா?" என்று கேட்பது எந்தக் கருவியையும்விடச் சிறந்த பரிசோதனை. நீரோட்டம் உள்ளிழுத்தால் அதை எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகுங்கள். சொறி மீன் தீண்டினால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள்.

கையில் கொண்டுசெல்வன

மருந்துகளை வேளை தவறாமல் கொடுங்கள். இன்சுலினை நிறுத்திவைத்த காருக்குள் விடாதீர்கள். வெப்பம் அதன் ஆற்றலைக் கெடுத்துவிடும். வெயிலும் நடையும் சேரும் நாளில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கைநடுக்கம், வியர்வை, குழப்பமான பேச்சு ஆகியவற்றைக் கண்டால், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் தூத்துக்குடி மக்ரூனும் நம் ஊரின் பெருமைகள். ஆனால் கடலையும் முந்திரியும் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவ்வேளைக்கு அவை உதவா. மற்ற வேளைகளில் உடன்குடிக் கருப்பட்டியும் பதநீரும் இயற்கையானவை என்பதாலேயே நீரிழிவுக்கு ஏற்றவை ஆகிவிடா. நுங்கு அளவோடு உண்ணலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் தீங்கு செய்யும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். உப்பு விளையும் மண்ணில் வாழ்கிறோம். கருவாட்டை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள். ஆத்தூரில் வெற்றிலை வாங்கலாம், புகையிலை வேண்டாம்.

கயிறு பிடிப்பவர்

இறுதியாகச் சொல்லவிருப்பது நோயாளிகளைப் பற்றியது அன்று; அவர்களைக் காப்பவர்களைப் பற்றியது.

இக்கடலில் முத்துக்குளிப்பு நெடுங்காலம் நடந்தது. மன்னார் வளைகுடாவின் நம் கரையில் கடைசியாக நடந்தது 1961இல். குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி, முத்துப் பாருக்குள் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் அவருடைய உயிர், படகில் நிற்பவரின் கையிலுள்ள கயிற்றில் இருக்கும். கயிறு அசைந்ததும் அவர் இழுக்கவேண்டும், கவனம் சிதறலாகாது. முத்தெடுத்தவரை உலகம் பேசியது. கயிறு பிடித்தவரை யாரும் பேசவில்லை.

எங்கள் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நோயாளியின் பின்னும் அப்படி ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். மாத்திரை வேளை அவருக்குத் தெரியும். உப்பில்லாச் சமையலை அவர் தனியே செய்கிறார். இரவில் இருமல் கேட்டால் எழுபவர் அவர். குடும்பம் கடற்கரைக்குப் போகும்போதும் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக அமர்பவர் அவரே. அவருடைய இரத்த அழுத்தத்தை யாரேனும் பார்த்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் விடையாக வரும். நோயாளியோடு வந்து, பின்னர் தாமே நோயாளியாக வந்து சேர்ந்தவர்களை நாங்கள் அறிவோம்.

ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு விதியைச் சேருங்கள்: அன்று குறைந்தது ஒரு மணி நேரம் கயிற்றை வேறொருவர் பிடிக்கவேண்டும். மாத்திரைப் பெட்டி மகன் கையில் இருக்கட்டும். உணவை மருமகன் பரிமாறட்டும். அந்த ஒரு மணி நேரம் அவர் நடக்கட்டும், அலையில் நிற்கட்டும், ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

எங்கள் பங்காக நாங்களும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி எங்கள் பிரிவிலிருந்து வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், செய்யக்கூடாதவற்றை மட்டும் எழுதாமல், செய்யக்கூடியவற்றையும் எழுதுவோம்: எவ்வளவு தூரம் நடக்கலாம், பயணம் எந்த வாரத்திலிருந்து, கடலில் எந்த அளவு நீர் வரை. எழுத மறந்தால் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உப்பளத்தில் உழைத்த அந்தப் பெரியவர் சென்ற வாரம் பரிசோதனைக்கு வந்தார். கடற்கரைப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டோம். தாம் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை அவர் சொல்லவே இல்லை. "இவ கல்யாணமான புதுசுல கடல்ல கால் நனைச்சது டாக்டர். அதுக்கப்புறம் இப்பத்தான். பேரப்பிள்ளைங்களோட அரை மணி நேரம் நின்னா. நான் கரையில உக்காந்து செருப்பையும் பையையும் பாத்துக்கிட்டேன்" என்றார். மூன்று மாதங்களுக்குப்பின் அவருக்குக் குடும்பத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அவர் மனைவியின் இரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்தோம்.